மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளை உலகச் சுகாதாரக் கொள்கைத் துறைக்கு வரும் வழி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றதால் மருத்துவபீடம் கிடைக்கவில்லை. நாடுகளின் சுகாதாரக் கொள்கையைத் தீர்மானிக்கும் இடங்களில், முடிந்தால் உலக சுகாதார நிறுவனத்தில், பொறுப்பான வேலைக்கு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. “டொக்டர் இல்லாமல் அது நடக்குமா? நடக்குமெண்டால் எங்கை தொடங்கிறது? வீட்டிலை வங்கிச் சோதனைக்குப் படிக்கச் சொல்லுகினம்” என்பது கேள்வி.

தங்கச்சி, நடக்கும். நான் ஒரு சமுதாய மருத்துவர். வடமராட்சியில் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்தேன், பிறகு சில வருடங்கள் வெளிநாடுகளில் வேலை செய்தேன், இப்போது மறுபடி ஊரில் இருக்கிறேன். இந்தத் துறையில் யார் யார் எப்படி மேலே வந்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்த அளவில் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டொக்டர் விடயம். 2017இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகமாக இருக்கும் தெட்ரோஸ் நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவர் அல்ல. அஸ்மாரா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவர். பிறகு லண்டனில் நோயெதிர்ப்பியலில் முதுமாணி, நொட்டிங்ஹாமில் சமுதாய சுகாதாரத்தில் கலாநிதிப் பட்டம். எத்தியோப்பியாவின் வடக்கில், திக்ரே பகுதியில், வரட்சிக்கு மருந்தாகச் சிறு அணைக்கட்டுகள் கட்டினார்கள். அந்த அணைகளுக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு, தள்ளியிருந்த ஊர்ப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு மலேரியா வருகிறது என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 1999இல் காட்டினார்கள். தண்ணீர் தேக்கினால் சோறு கிடைக்கும், கூடவே நுளம்பும் வரும். அப்படியானால் அணை கட்டும் அமைச்சும் சுகாதார அமைச்சும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டும். ஒரு உயிரியல் பட்டதாரி கொள்கைக்குள் காலடி வைத்தது அந்த இடத்தில்தான்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, உங்கள் பீடத்துக்குள்ளேயே பாருங்கள். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டையிடும் என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரத்து உவர்நீரிலும் அது வளர்கிறது என்று 2011இல் எழுதியவர்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் இருந்தார்கள். கரையில் கிடந்த உடைந்த வள்ளம், எறிந்த பிளாஸ்ரிக் பாத்திரம், பாவிக்காத கிணறு என்று தேடித்தேடி இறங்கிப் பார்த்துக் கண்டது. அதை இன்றைக்குப் பல நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். கடல்மட்டம் உயர உயர உவர்நீர் உள்ளே வரும் நாடுகளுக்கெல்லாம் அது ஒரு எச்சரிக்கை. நீங்கள் தினமும் ஏறி இறங்கும் அதே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் செய்த வேலை அது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விடயம். பதவியைப் பார்த்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் நடுவழியில் களைத்துப் போகிறார்கள். ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்து, பத்து வருடம் விடாமல் பிடித்து, “இதைப்பற்றிக் கேட்கவேண்டுமென்றால் அந்தப் பிள்ளையைத்தான் கேட்கவேண்டும்” என்ற நிலைக்கு வருகிறவர்களைத் தேடிப் பதவி வருகிறது. மலேரியாவோ, தாய் இறப்போ, குடிதண்ணீரோ, பாம்புக்கடியோ, மருந்து விலையோ, மனநலமோ எதுவாகவும் இருக்கலாம். ஒன்றை எடுங்கள். அந்த ஒன்றின் எண்ணிக்கை ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் ஆகுங்கள்.

அந்த “ஏன்” எங்கே கிடைக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. நான் வேலைக்குப் புதிது. மாதாந்தக் கூட்டத்தில் ஒரு கரையோரக் கிராமத்தின் கணக்கைப் பார்த்தபோது, கர்ப்பவதிகள் கிளினிக்குக்கு வருவோர் தொகை இரண்டு மூன்று மாதமாக விழுந்துகொண்டிருந்தது. தாய்மாருக்கு விளக்கம் போதாது என்று நானே முடிவெடுத்து, விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு நாள் குறித்து, பதாகைக்கும் சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும்போது, அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (ஊரில் மிட்வைஃப் என்போம்), என்னைவிட இருபது வயது மூத்தவர், மடியில் இருந்த பதிவேட்டை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “டொக்டர், காலமை பஸ்ஸை நேரம் மாத்திப் போட்டாங்கள். இப்ப வாற பஸ் பதினொண்டரைக்குத்தான் இறக்கும். நாங்கள் பதினொரு மணிக்கு நிறை பாத்து முடிச்சிடுவம்.” பதாகையை நிறுத்தினோம். அந்தக் கிராமத்துக்கு மட்டும் கிளினிக்கை மத்தியானத்துக்குப் பிறகு வைத்தோம். இரண்டாம் மாதமே தாய்மார் வந்துவிட்டார்கள். பிழை தாய்மாரிடம் இருக்கவில்லை, என் யோசனையில் இருந்தது. அதன் பிறகு எந்த நாட்டில் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும், “மக்களுக்கு அறிவு போதாது” என்று யாராவது தொடங்கினால் என் கண் முதலில் பஸ் அட்டவணையைத்தான் தேடும்.

நீங்கள் வளர்ந்த நாட்டின் சுகாதார அமைப்பைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் காசு செலவழித்து வருகிறார்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்றைக்கு ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், வீடு வீடாகப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்துகொண்டிருந்த நாடு, ஏழெட்டுத் தசாப்தத்தில் அந்த எண்ணிக்கையை முப்பது நாற்பது அளவுக்குக் கொண்டு வந்தது. பெரிய வருமானம் இல்லாமல் இதை எப்படிச் செய்தார்கள் என்று உலகம் கேட்கிறது. பதில் உங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் வந்த மிட்வைஃபின் பையில் இருக்கிறது. அதைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவருக்கு எந்த நேர்முகத்திலும் பேசப் பொருள் இருக்கும்.

மலேரியாவின் கதையையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் சுகாதாரத் தலைமை என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். 1934, 35இல் வந்த பெருங்கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பு வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டும்தான் மலேரியா. நோய் போய்விட்டது என்று தெளிப்பைக் குறைத்தார்கள், கண்காணிப்புத் தளர்ந்தது. அறுபதுகள் முடிவதற்குள் அது இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு போர். தொண்ணூறுகளின் கடைசியில் நோயாளிகளில் பெரும்பங்கு வடக்கிலும் கிழக்கிலும்தான். வேலிகளுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் இரண்டு பக்கத்திலும் இரத்தம் குத்திப் பார்த்தவர்கள், வலை கொடுத்தவர்கள், மருந்து கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்தது.

சான்றிதழ் வந்ததோடு கதை முடிந்ததென்று நினைக்கக்கூடாது. நகரத்துத் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நோயாளி ஒருவரும் இல்லாத ஒரு நோய்க்கு வருடாவருடம் காசு ஒதுக்கச் சொல்லி நிதி அமைச்சிடம் கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். 1963இல் தவறியது அந்த இடத்தில்தான். எரிகிற நெருப்பை அணைக்க ஆட்கள் ஓடி வருவார்கள். எரியாத வீட்டுக்குக் காவல் வைக்கச் சொல்லி வாதாடி வெல்கிறவர்தான் இந்தத் துறைக்கு வேண்டியவர், அதற்கு எண்ணும் எழுத்தும் பொறுமையும் தேவை.

2024 டிசெம்பரில் நடந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். நவம்பர் கடைசியில் வெள்ளம். பிறகு வடமராட்சிப் பக்கம் காய்ச்சல், சில நாட்களுக்குள் மரணங்கள். “மர்மக் காய்ச்சல்” என்று ஊர் முழுக்கக் கதை பரவியது. அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்ததும், வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்ஸிசைக்ளின் என்ற தடுப்புக் குளிகை கொடுக்கும் வேலை தொடங்கியது. இதில் பெரிய மனிதர் யாரும் தெரியமாட்டார்கள். ஆனால் இந்தச் சங்கிலியைப் பாருங்கள்: வார்டில் ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டு எச்-544 என்ற நோய் அறிவித்தல் படிவத்தை நிரப்புகிறார். அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய், வயலில் நின்றாரா, காலில் காயம் இருந்ததா என்று கேட்டு எழுதுகிறார். வாராந்த அறிக்கையாக அது கொழும்புக்குத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் இன்னும் எத்தனை வீடு அழுதிருக்கும்? உலகத்தின் எந்தப் பெருந்தொற்று எச்சரிக்கை முறையை எடுத்தாலும் அடியில் இப்படியொரு படிவமும், அதைச் சோம்பலில்லாமல் நிரப்பிய ஒரு கையும் இருக்கும்.

கொள்கை என்ற பக்கத்துக்கு வருவோம். கொள்கை என்றால் மண்டபத்தில் பேசும் பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். பேராசிரியர் சேனக பிபிலேயை எடுங்கள். பேராதனையில் மருந்தியல் படிப்பித்தவர். கம்பனிக்கொரு பெயரில் ஆயிரக்கணக்கில் மருந்து இறக்கி வெளிநாட்டுக் காசைக் கரைக்கத் தேவையில்லை, அவசியமான மருந்துகளைப் பட்டியலிட்டு, மூலப் பெயரில், கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் மருந்து கிடைக்கும் என்று கணக்கோடு காட்டினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அதே வருடம் செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார், மற்ற நாடுகளுக்கு இதே வேலையைச் செய்துகொடுக்கப் போன இடத்தில். இன்றைக்கு மருந்துக்கடையில் மூலப் பெயரைச் சொல்லி விலை குறைந்த மருந்து கேட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் பின்னால் அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, பெரியாஸ்பத்திரி வாசலில் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்தபோது அந்தக் கொள்கையின் பெறுமதி எனக்கு மறுபடி விளங்கியது.

நம் பக்கத்து உதாரணம் சுன்னாகம். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொன்னது. நீரியல் அறிந்தவர்கள் மாதிரி எடுத்தார்கள், இரசாயனம் படித்தவர்கள் ஆய்வுகூடத்தில் பார்த்தார்கள், சுற்றுச்சூழல் அமைப்பினர் வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்பிரலில் அங்கே மின்நிலையம் நடத்திய நிறுவனத்தை நட்டஈடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சனத்தின் உடல்நலத்தைப் பற்றிய வழக்குத்தான் அது. அதைத் தீர்மானித்தவர்களில் ஸ்டெதஸ்கோப் போட்டவர்கள் மிகச் சிலர்.

ஆகவே இலங்கைக்குள் எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும், எது திறக்காது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாகாணப் பணிப்பாளர், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் ஆகிய பதவிகள் மருத்துவர்களுக்கு உரியவை. கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சமுதாய மருத்துவமோ மருத்துவ நிர்வாகமோ படித்து அந்த ஏணியில் ஏறுவார்கள். அதற்காக மனம் உடையாதீர்கள். 1987இல் அரசியலமைப்புக்கு வந்த பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்கு உரியது. மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர் கதிரையில் இருப்பவர் வழக்கமாக நிர்வாக சேவை அதிகாரி. எந்த வைத்தியசாலைக்குக் கட்டடம், எந்தப் பிரிவுக்கு வாகனம் என்ற காசு முடிவுகள் திட்டமிடல் அதிகாரிகளின் மேசையைத் தாண்டித்தான் போகும். இலங்கை நிர்வாக சேவையும் திட்டமிடல் சேவையும் பட்டதாரிகளுக்குப் போட்டிப் பரீட்சை மூலம் திறந்திருக்கின்றன. சுகாதாரம் தெரிந்த ஒரு விஞ்ஞானப் பட்டதாரி அந்தக் கதிரையில் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன். நம் பிள்ளைகள் இந்த வழியை ஏனோ யோசிப்பதில்லை. இன்னொன்று ஆராய்ச்சி வழி: பல்கலைக்கழகங்கள், கொழும்பில் உள்ள சுகாதாரக் கொள்கை நிறுவனம் போன்ற இடங்கள். சுகாதாரப் பொருளியலும் புள்ளிவிவரவியலும் தெரிந்தவர்களுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு.

வெளிநாட்டுக் கதவைப் பற்றி இனிப்பாக எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் காலம் நன்றாக இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அமெரிக்க அபிவிருத்தி உதவி நிறுவனத்தையும் அதே வருடம் கலைத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2026-27க்கான தன் பாதீட்டை 530 கோடி டொலர் என்ற திட்டத்திலிருந்து 420 கோடியாகக் குறைத்தது. இருபது வருட அனுபவம் உள்ளவர்களே வேலை இழந்திருக்கிறார்கள். அப்படியென்றால் போகக்கூடாதா? போகலாம், ஆனால் ஜெனீவாவில் ஒரு கதிரை என்ற ஒரே கனவோடு போகாதீர்கள். பணம் வற்றும்போது முதலில் வெட்டப்படுவது கூட்டம் ஒழுங்குபடுத்துகிறவர்கள். ஒரு நோயை, ஒரு முறையை ஆழமாகத் தெரிந்தவர்களை இலகுவில் விடமாட்டார்கள்.

ஐ.நா. அமைப்புகளின் பதவிப்படிகள் தெரிந்திருக்க வேண்டும். பி-2க்கு ஏறத்தாழ இரண்டு வருட அனுபவம், பி-3க்கு ஐந்து, பி-4க்கு ஏழு, பி-5க்குப் பத்து என்பது பொதுவான வழமை, அதோடு முதுமாணிப் பட்டம். ஆகவே இருபத்தைந்து வயதில் அங்கே நேரே போய் இறங்குவது அரிது. அந்தந்த நாட்டவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட தேசிய உத்தியோகத்தர் பதவிகள் உண்டு, கொழும்பு அலுவலகங்களில் அவைதான் நம் பிள்ளைகளுக்குக் கிட்டிய கதவு. ஐ.நா. தொண்டர் திட்டத்தையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பயிலுநர் வாய்ப்புக்கு இருபது வயதும் மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பும் போதும். 2020இலிருந்து பயிலுநர்களுக்குச் செலவுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். நம் பிராந்திய அலுவலகம் புதுடில்லியில் இருக்கிறது. ஜெனீவாவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் அங்கேயும் விண்ணப்பியுங்கள்.

முதுமாணிப் படிப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இப்போது யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி முகவர் அலுவலகம். பெயர் கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுமாணிக்கு அனுமதி எடுத்துத் தருகிறோம் என்று, பெற்றோர் காணியை ஈடுவைக்கும் அளவுக்குக் காசு கேட்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஈடுவைத்த காணியோடு போன பிள்ளை கடனைக் கட்ட எந்த வேலையையும் செய்ய வேண்டி வரும், பொதுச் சுகாதாரம் வழியில் காணாமற் போகும். இப்படிப் போய்த் தவித்த மூன்று பிள்ளைகளை எனக்கு நேரடியாகத் தெரியும். அதேபோல, உலக சுகாதார நிறுவனம் வேலைக்கு விண்ணப்பிக்க எந்தக் கட்டத்திலும் ஒரு சதமும் கேட்காது. கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

புலமைப்பரிசிலோடு போங்கள். பிரித்தானியாவின் செவ்னிங் ஒரு வருட முதுமாணிக்கு முழுச் செலவும் தரும். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜேர்மனியின் டாட், ஐரோப்பிய எராஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் எல்லாம் உண்டு. ஆனால் லண்டனும் பால்ட்டிமோரும் மட்டும்தான் பொதுச் சுகாதாரம் என்று எண்ண வேண்டாம். டாக்காவில் பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பள்ளியில் பிள்ளைகளைக் கிராமத்துக்கும் சேரிக்கும் அனுப்பிப் படிப்பிக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம், சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கின்றன. நம் பிரச்சினைக்குக் கிட்டிய பிரச்சினைகளை அங்கே படிப்பீர்கள். சென்னையில் காசநோய் ஆராய்ச்சியில் வருடக்கணக்காக நின்ற சௌமியா சுவாமிநாதன்தான் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது தலைமை விஞ்ஞானி ஆனார். அவர் ஒரு மருத்துவர்தான், ஆனால் அவரை அங்கே கொண்டுபோனது ஒரே நோயில் ஊன்றி நின்ற அந்த வருடங்கள்.

அதற்கிடையில் கைவேலையைப் பழகுங்கள். புள்ளிவிவரவியலை உங்கள் பீடத்திலேயே படிக்கலாம். ஆர் என்ற மென்பொருள் இலவசம், வரைபடத்துக்கு கியூஜிஸ் இலவசம். டி.எச்.ஐ.எஸ்.-2 என்ற சுகாதாரத் தகவல் முறையை ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள், எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பாவிக்கின்றன. 2020 தொடக்கத்தில் கொவிட்டுக்காக அதை முதன்முதலில் மாற்றி அமைத்தவர்கள் இலங்கைக் குழுவினர். அதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் எடுத்தன. அந்த முறையை நன்றாகக் கையாளத் தெரிந்தால் ஆபிரிக்காவிலும் பசிபிக்கிலும் உங்களுக்கு வேலை இருக்கும்.

எழுத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். வெளிநாட்டில் ஒருமுறை ஒரு அமைச்சருக்கு விளக்கக்குறிப்பு எழுதினேன், பதினெட்டுப் பக்கம். ஆலோசகர் முதல் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்து, “அமைச்சர் காரில் ஏறி இறங்குவதற்குள் இதைத்தான் வாசிப்பார்” என்றார். அந்தப் பக்கத்தில் நான் வரலாறு எழுதியிருந்தேன். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காசு, செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பது பதினாறாம் பக்கத்தில் கிடந்தது. அன்று இரவே மாற்றி எழுதினேன். ஒரு பக்கத்தில் எழுதப் பழகுங்கள், ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும். 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். நம் மருத்துவபீடத்தின் சமுதாய மருத்துவப் பேராசிரியர் சிவஞானசுந்தரம், நந்தி என்ற பெயரில் தமிழில் கதையும் எழுதினார், சனத்துக்குச் சுகாதாரமும் எழுதினார். சனத்தின் மொழியில் சொல்லத் தெரியாதவர் சனத்துக்காகப் பேச முடியாது. சிங்களத்தையும் பேசப் பழகுங்கள். கொழும்பில் தீர்மானம் எடுக்கும் அறையில் மொழிபெயர்ப்பாளரை நம்பி இருப்பவர் எப்போதும் ஒரு வசனம் பிந்தித்தான் இருப்பார். நான் பிந்தியிருந்திருக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும். பிரெஞ்சு தெரிந்தால் ஆபிரிக்காவின் பாதி திறக்கும்.

நீங்கள் பெண்பிள்ளை என்பதால் இன்னொன்று. உலகச் சுகாதார ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், உயர்பதவிகளில் நாலில் ஒரு பங்குதான் பெண்கள் என்பது உலக சுகாதார நிறுவனமே சொன்ன கணக்கு. நம் ஊரில் இதற்கு மேலே கலியாணம், தூர இடத்து வேலை, இரவுப் பயணம் என்ற தடைகளும் சேரும். “பொம்பிளைப் பிள்ளை களத்துக்குப் போகலாமோ” என்று கேட்பவர்களுக்கு, இந்த நாட்டின் தாய்சேய் நலத்தை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கட்டியவர்கள் எல்லோரும் பெண்கள்தான் என்று சொல்லுங்கள்.

அம்மா அப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர்கள் இடம்பெயர்ந்து, இருந்ததை இழந்து, மாதச் சம்பளம்தான் பாதுகாப்பு என்று பட்டுத் தெரிந்தவர்கள். பட்டம் முடித்து மூன்று வருடம் கேளுங்கள். அந்த மூன்று வருடத்தில் ஒரு ஆராய்ச்சி உதவியாளர் வேலை அல்லது தொண்டு நிறுவனத்தில் தரவு வேலை, கூடவே நிர்வாக சேவைப் பரீட்சை, புலமைப்பரிசில் விண்ணப்பம். அதற்குள் ஒரு கதவும் திறக்காவிட்டால் வங்கிப் பரீட்சை எங்கும் ஓடிவிடாது. இப்படிக் கணக்காகச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

எந்தப் பிரச்சினையை எடுப்பது என்று தெரியாவிட்டால் வீட்டுக் கிணற்றிலிருந்து தொடங்கலாம். நம் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலானோருக்குச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைதான் குடிதண்ணீர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரமும், கிணற்றடிக்குக் கிட்டிய மலசலகூடக் குழியும் அதே தண்ணீருக்குள் நைத்திரேற்றாக இறங்குகின்றன. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், முக்கியமாகப் புட்டிப்பால் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்காக. உங்கள் பீட ஆய்வுகூடத்தில் இதை அளக்கலாம். இறுதி வருட ஆய்வுக்கு உங்கள் கிராமத்து முப்பது கிணறுகளை எடுங்கள், மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறியுங்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்கிறார்கள் என்று தாய்மாரிடம் கேளுங்கள். போவதற்கு முன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் நேரில் போய் அனுமதி கேளுங்கள், மாதாந்தக் கூட்டத்தில் பின்கதிரையில் இருந்து கேட்கலாமா என்றும் கேளுங்கள். பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள். கூட்டத்தில் டொக்டர்மார் பேசுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் மிட்வைஃப் மிஸ்மாரோடு தேத்தண்ணி குடித்துக் கதையுங்கள், கூட்டத்தில் சொல்லாததை அங்கேதான் சொல்லுவார்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, பிரதேச சபைக்குக் கொடுக்கிற மாதிரி, தமிழில் எனக்கு அனுப்புங்கள். சிவப்புப் பேனாவோடு வாசித்துத் திருத்தித் தருகிறேன்.